தகரப் பட்டறையும் ஜகதீஷ் சந்திர போஸும்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். எல்லோரும் எழுதும் பெயர்களை நானும் எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவுக்குப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கே உதவி செய்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் இறந்தது 1937இல். எனக்கு உதவி செய்தது இந்த வருஷம். எப்படி என்று கேட்கிறீர்களா? அதற்கு முதலில் போன வருஷ விளையாட்டு விழாவில் நான் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் இரண்டாமாண்டு. போட்டி முடிவுகளை உடனுக்குடன் எல்லோர் செல்போனிலும் காட்டப் போகிறோம் என்று நாங்கள் நாலு பேர் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டோம். மைதானம் பக்கம் செல்போன் டவர் சிக்னல் சுமார்தான் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் லேபிலிருந்து இரண்டு ரவுட்டர்களை வாங்கி, கொடிக்கம்பத்துப் பக்கம் உயரமாகக் கட்டி, வைஃபை கொடுத்தோம். காலை ஏழு மணிக்குச் சோதித்துப் பார்த்தோம். காலி மைதானத்தின் கடைசி மூலை வரைக்கும் அருமையாக வேலை செய்தது. எங்களுக்கு ஒரே பெருமை!

பத்து மணிக்குக் கூட்டம் உட்கார்ந்தது. 100 மீட்டர் ஓட்டம் தொடங்கியது. எங்கள் பக்கம் ஒருத்தர் போனில்கூடத் திறக்கவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மைக் பிடித்திருந்த அண்ணன் எங்களை வைத்தே அன்றைக்கு முழுக்கக் காமெடி செய்தார். சாயந்திரம் ரவுட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரைக்கும் யாரோடும் பேசாமல் போனேன்.

மறுநாள் எங்கள் துறை சார் கூப்பிட்டார். திட்டவில்லை. இரண்டு ரவுட்டரும் எந்தச் சேனலில் இருந்தன என்று கேட்டார். இரண்டுமே ஆறு. அதை ஏன் உயரத்தில் கட்டினாய் என்று கேட்டார். ரொம்ப தூரம் போகட்டும் என்றுதான் சார் என்றேன். அவர் சிரித்துவிட்டு, நூலகத்துக்குப் போய் ஜகதீஷ் சந்திர போஸைப் பற்றிப் படித்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றார். செடிக்கு உயிர் உண்டு என்று சொன்னவராச்சே, அவருக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேதான் போனேன்.

*தாய்மொழிப் பள்ளிக்கூடம்*

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. இன்றைக்கு வங்காளதேசத்தில் இருக்கும் பகுதி. அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஆனால் பகவான் சந்திரர் மகனை முதலில் வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தாய்மொழியும் தன் ஜனங்களும் முதலில் தெரியட்டும், இங்கிலீஷ் அப்புறம் வரட்டும் என்பது அவர் எண்ணம். அங்கே போஸுக்கு ஒரு பக்கம் வீட்டு வேலைக்காரரின் மகன், மறுபக்கம் மீனவர் மகன். அவர்கள் வீட்டுக்கு வந்தால் போஸின் அம்மா வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாகவே சாப்பாடு போடுவாராம். மீன், பறவை, செடி கொடி பற்றி அந்தப் பையன்கள் சொன்ன கதைகள்தான் தனக்கு இயற்கையின் மேல் ஆசையைக் கொடுத்தன என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துக் கண் கலங்கிய நம்மில் பலருக்கு இது தெம்பு தரும் விஷயம் இல்லையா?

அப்புறம் கல்கத்தாவில் ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லஃபோன் என்ற பாதிரியார் செய்து காட்டிய பரிசோதனைகளைப் பார்த்து இயற்பியல் மேல் பிடிப்பு வந்தது. 1880இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியர் ராலே பிரபு. 1884இல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

*மூன்று வருஷம் வாங்காத சம்பளம்*

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. இங்கேதான் கதையே சூடு பிடிக்கிறது. அன்றைய விதிப்படி அதே வேலை பார்க்கும் வெள்ளைக்காரருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸுக்குக் கொடுத்தது தற்காலிகப் பதவி என்பதால் அதிலும் பாதி. ஆக மொத்தம் மூன்றில் ஒரு பங்கு!

போஸ் என்ன செய்தார் தெரியுமா? வேலையை விடவில்லை. சத்தம் போடவும் இல்லை. தினமும் வகுப்புக்குப் போனார், நன்றாகப் பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை நண்பர்களே, மூன்று வருஷம்! அதுவும் வீட்டில் அப்பாவுக்குக் கடன் இருந்த நேரம். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் குடும்பக் கடனை அடைக்கப் போனது.

இடையில் 1887இல் கல்யாணம். மனைவி அபலா தாஸ். இவருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அன்றைக்குக் கல்கத்தாவில் பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவில்லை. அதனால் 1882இல் சென்னைக்கு வந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அபலா. உடல்நிலை காரணமாகப் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. சம்பளமே இல்லாத ஒருவரோடு குடும்பத்தைத் தொடங்கியவர் அவர். பிற்காலத்தில் பெண் கல்விக்காக நிறைய உழைத்தார்.

போன மே மாதம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். ஒரே பேனல், ஒரே வேலை. ஆனால் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், காண்ட்ராக்ட் அண்ணனுக்கு அதில் பாதிகூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போஸ் கதையைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மூணு வருஷம் சம்பளம் வாங்காம இருந்தா என் வீட்ல அடுப்பு எரியுமா தம்பி என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். எல்லோராலும் போஸ் மாதிரி இருக்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்காக அவர் வேலையைக் குறைத்துச் செய்யவில்லை. அதே நேரம், குறைத்துக் கொடுத்தது சரி என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் கஷ்டம்.

*24 சதுர அடி லேப்*

ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1888 வாக்கில் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அவர் பயன்படுத்திய அலைகள் அரை மீட்டருக்கு மேல் நீளம். அவற்றை வைத்து ஒளியைப் போல் வளைத்து, மடக்கிப் பரிசோதிக்க வேண்டுமென்றால் கருவிகள் ஆள் உயரத்துக்கு வேண்டும். 1894இல் ஆராய்ச்சியில் இறங்கிய போஸ் வேறு மாதிரி யோசித்தார். கருவியைப் பெரிதாக்க வசதியில்லை, அலையைச் சிறிதாக்குவோமே!

அவருக்கு லேப் கிடையாது. குளியலறையை ஒட்டி 24 சதுர அடி இடம். நம்ம ஹாஸ்டலில் இரண்டு கட்டில் போட்டால் தீர்ந்துபோகும் இடம். உதவிக்குப் பள்ளிப் படிப்பு இல்லாத ஒரு தகரத் தொழிலாளி. போஸ் சொல்லச் சொல்ல அவர் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். அப்படி உருவான கருவிகள் 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரைக்கும் சின்ன அலைகளைக் கொடுத்தன. இன்றைய கணக்கில் 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ். அலையைச் செலுத்தக் குழாய், பிடிக்கப் புனல். ஆமாம் நண்பர்களே, அதற்கு அவர் வைத்த பெயரே சேகரிக்கும் புனல்தான். மைக்ரோவேவ் பாடத்தில் வேவ்கைடு, ஹார்ன் ஆன்டெனா என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதேதான்!

அந்த மனுஷனுக்குக் கையில் கிடைத்ததெல்லாம் கருவி. அலையைப் போலரைஸ் செய்ய என்ன பண்ணினார் தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகினார். வேலை முடிந்தது. சணலை முறுக்கி வைத்து, அலையின் தளம் திரும்புவதையும் காட்டினார்.

1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். வங்காள லெப்டினன்ட் கவர்னரும் வந்திருந்தார். கம்பியே இல்லாமல் தூரத்தில் இருந்த மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. பிரசிடென்சி கல்லூரியில் மூன்று சுவர்களைத் தாண்டி 75 அடி தூரம் அலையை அனுப்பினார். 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், பெரிய பெரிய விஞ்ஞானிகள் முன்னால் அந்தத் தகரக் கருவிகளை வைத்துப் பேசினார்.

*காசு வேண்டாம் என்றவர்*

இதே காலத்தில்தான் மார்க்கோனி இங்கிலாந்தில் கம்பியில்லாத் தந்திக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது தூரம். தூரம் போக வேண்டுமென்றால் நீள அலை வேண்டும். கடல் தாண்டிச் செய்தி போனால் கப்பல் கம்பெனிகள் காசு கொடுக்கும். 1901 டிசம்பர் 12இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சிக்னல் பிடித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய பாதரசக் கருவியும் டெலிபோன் காதுக்கருவியும், 1899இல் போஸ் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பிய கட்டுரையில் இருந்த அமைப்புதான் என்று 1998இல் ஐ.இ.இ.இ. இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நோபல் பரிசு 1909இல் மார்க்கோனிக்கும் ப்ரான் என்ற ஜெர்மானியருக்கும் போனது.

போஸுக்குப் பேடன்ட் வாங்குவதே பிடிக்கவில்லை. அறிவு எல்லோருக்கும் சொந்தம் என்று நினைத்தவர். பெரிய தந்திக் கம்பெனிக்காரர் ஒருவர் பேடன்ட் கையோடு தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். இதை நண்பர் தாகூருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கடைசியில் நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901இல் அமெரிக்காவில் ஒரு பேடன்டுக்கு விண்ணப்பம் போட்டார். 1904இல் கிடைத்தது. எண் 755840. கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லை வைத்து அலையைக் கண்டுபிடிக்கும் கருவி. குறைக்கடத்திக் கருவிக்கு உலகத்தில் முதலில் கொடுத்த பேடன்ட் அதுதான் என்கிறார்கள். நாம் இரண்டாம் செமஸ்டரில் டையோடு படிக்கிறோமே, அதன் தாத்தா! அதிலிருந்தும் அவர் காசு பார்க்கவில்லை.

இதில் சாருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். போஸ் காசு வாங்கியிருந்தால் இன்னும் நல்ல லேப் கட்டியிருப்பாரே சார் என்றேன் நான். காசு வாங்கியிருந்தால் அந்தக் காசு சொன்ன திசையில் போயிருப்பார், செடி பக்கம் போயிருக்கமாட்டார் என்றார் சார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு இதில் முடிவு தெரியவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

*செடிகளும் ஒரு கோயிலும்*

1900க்குப் பிறகு போஸின் கவனம் உலோகத்திலிருந்து செடிகளுக்குப் போயிற்று. செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்று லண்டனில் எதிர்ப்பு வந்தது. சளைக்கவில்லை. புத்தகங்கள் எழுதினார். அதற்குத் துணை நின்றவர் சகோதரி நிவேதிதா. ஆமாம், நம் பாரதியார் குருவாக ஏற்றுக்கொண்டாரே, அதே நிவேதிதாதான். பாரதியாரும் போஸின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்.

1917இல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 30, தன் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அதை லேப் என்று மட்டும் பார்க்காமல் கோயில் என்றே சொன்னார். 1920இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23இல் கிரிதியில் காலமானார். 79ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரே வாரம்தான் பாக்கி.

*சரி, மைதானத்துக்கு வருவோம்*

போஸின் மில்லிமீட்டர் அலைகளை உலகம் பல வருஷம் மறந்தே போயிருந்தது. காரணம் எளிது. அவை தூரம் போகாது, சுவரைக் கண்டால் நின்றுவிடும். தூரம்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. நானும் கொடிக்கம்பத்துப் பக்கம் ரவுட்டர் கட்டியபோது அப்படித்தானே நினைத்தேன்!

ஆனால் கூட்டம் நிறைந்த ஸ்டேடியத்தில் கதை தலைகீழ். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு ரவுட்டர் மைதானம் முழுக்கக் கேட்டால், மைதானம் முழுக்க ஒரே வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். ரேஷன் கடையில் ஒரே கவுன்டர் மாதிரி! அதனால் வடிவமைப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கேலரியைச் சின்னச் சின்ன வட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் குறுகலாகப் பார்க்கும் ஆன்டெனா, குறைந்த பவர், பக்கத்து வட்டத்தோடு மோதாத சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் நிறைய. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது அலையை உறிஞ்சும். காலியில் வேலை செய்தது கூட்டத்தில் படுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டிக்காரர்கள் அதையே பயன்படுத்தி, ரவுட்டரைச் சீட்டுக்கு அடியில் வைத்து, உட்கார்ந்திருப்பவர்களையே சுவராக்கிவிடுகிறார்கள்! அலை தூரம் போகாமல் இருப்பதுதான் அங்கே நல்ல குணம்.

போஸின் அலைகள் திரும்பி வந்தது இதனால்தான். 60 கிகாஹெர்ட்ஸில் வைஃபை இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட கால்பந்து ஸ்டேடியங்களில் மில்லிமீட்டர் அலை 5ஜி வந்தது. 2022இல் நம் நாட்டில் நடந்த ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸும் விற்றது. எல்லாம் அந்த 24 சதுர அடி அறையில் பிறந்த அலைவரிசைகள். 2012இல் ஐ.இ.இ.இ. அமைப்பு போஸின் பரிசோதனைகளை மைல்கல் என்று அறிவித்தது.

*அப்பாவின் புனல்*

இப்போது ஒரு ரகசியம். எங்க அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் சின்னதாக ஒரு தகரப் பட்டறை. எண்ணெய்ப் புனல், வாளி, சிப்காட் கம்பெனிகளுக்குக் காற்றுக் குழாய், இதுதான் வேலை. முதலாமாண்டு விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் நான் வியாபாரம் என்று எழுதினேன். உங்களில் யாரையும் பட்டறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதும் இல்லை.

போஸைப் படித்து முடித்த அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். 9 சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு பக்கம் மூடிய குழாய் வேண்டும், திறந்த பக்கம் புனல் வேண்டும், மூடிய பக்கத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஓர் ஓட்டை வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். இதுல என்னடா இருக்கு, எண்ணெய்ப் புனல்தானே என்றார். எதுக்கு என்று கேட்டார். சொன்னேன். போஸைப் பற்றியும், அந்தத் தகரத் தொழிலாளியைப் பற்றியும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மூன்று குழாய் தயாராக இருந்தது. நான் கேட்காமலே மழைத்தண்ணி இறங்காதபடி மடிப்புத் தட்டியிருந்தார்.

ஓட்டை வழியாக 3 சென்டிமீட்டர் செம்புக் கம்பியைச் செருகி ரவுட்டரோடு இணைத்தோம். சேனல் 1, 6, 11. பவரைக் குறைத்தோம். உயரத்தில் கட்டாமல், கேலரியின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்தபடி தாழ்வாக வைத்தோம். இந்த வருஷ விளையாட்டு விழாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பாகத்தில் பக்கம் திறந்தது. மூன்றாவதில் மதியம் வரைக்கும் திறந்து, 4x100 தொடர் ஓட்டத்தின்போது படுத்துவிட்டது. ஒரே ரவுட்டரில் அவ்வளவு பேர் தாங்கவில்லை. முழு வெற்றி என்று பொய் சொல்லமாட்டேன். அடுத்த வருஷ ஜூனியர்கள் அந்த இடத்தைச் சின்னதாகப் பிரித்துப் பாருங்கள். குழாய் மூன்றும் லேபில்தான் இருக்கிறது. கூடுதலாக வேண்டுமென்றால் பட்டறைக்கு வாருங்கள்.

போன வாரம் அப்ரன்டிஸ் விண்ணப்பம் நிரப்பினேன். அதிலும் தந்தை தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. தகரத் தொழிலாளி என்று எழுதினேன்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் சிப்காட்டிலும் அம்பத்தூரிலும் வேலைக்குப் போவோம். நம்மிடம் பெரிய லேப் இருக்காது, கூலி குறைவாக இருக்கும், டிப்ளமோதானே என்று சொல்வார்கள். அப்போது அந்தக் குளியலறை ஓரத்து அறையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.



— மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை